ஆட்டைத் துரத்தாத சிப்பிப்பாறை: குட்டியைப் பழக்கும் முறை

சிப்பிப்பாறை இன நாய்க்குட்டி வாங்கியவர்கள், அதற்கு ஆறு மாதம் ஆகும்போது என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். "வீட்டுக்குள்ள அப்படி ஒரு சாது. வெளியே ஒரு ஆடு ஓடினா போதும், கூப்பிடுற சத்தமே காதுல விழமாட்டேங்குது. என்ன செய்ய?"

குட்டியிடம் கோளாறு எதுவும் இல்லை. சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டில் முயலைக் கண்ணால் பார்த்து ஓடிப் பிடிப்பதற்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனங்கள். மோப்பம் பிடித்துப் போகும் நாய்க்கு மூக்கு எப்படியோ, இவற்றுக்குக் கண் அப்படி. அசையாமல் நிற்கும் ஆட்டைக் கண்டுகொள்ளாத அதே நாய், அந்த ஆடு துள்ளி ஓடினால் பின்னாலேயே பாயும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். மயில் நம் தேசியப் பறவை, அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஆகவே இன்றைக்கு நம் நாய்க்குக் காட்டில் 'துரத்தலாம்' என்று சொல்லத்தக்க விலங்கு ஒன்றுகூட இல்லை. ஆடு, கோழி, முயல், மயில் எல்லாமே விட வேண்டியவைதான். நாயின் ஓட்டத்துக்கு மட்டும் நாம் வேறு வழி காட்ட வேண்டும்.

அடிப்பதால் என்ன ஆகும்

என் முதல் கன்னி எட்டாம் மாதத்தில் பக்கத்துத் தோட்டத்து வெள்ளாட்டுக் குட்டியின் தொடையைக் கவ்விவிட்டாள். ஆட்டுக்காரருக்குப் பணம் கொடுத்துச் சமாதானம் செய்தேன். அப்புறம் அவள் வாலைத் தொங்கவிட்டுத் திரும்பி வந்தபோது வேப்பங்குச்சியால் நாலு அடி போட்டேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் வெட்டவெளியில் கூப்பிட்டால் கை எட்டாத தூரத்திலேயே நின்றாள். ஆட்டை விரட்டுவது மட்டும் குறையவே இல்லை. நாயின் கணக்கில், துரத்தியபோது கிடைத்தது சந்தோஷம். திரும்பி வந்தபோது கிடைத்தது அடி. அதனால் திரும்பி வருவதைத்தான் விட்டாள். செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டிவிடும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. அழுகும் கோழிக்கும் நேற்றைய ஓட்டத்துக்கும் உள்ள தொடர்பு நாய்க்குப் புரியாது. அதைச் செய்யாதீர்கள்.

தேவையானவை

மார்புப்பட்டை ஒன்று, 10 மீட்டர் பருத்திக் கயிறு ஒன்று, கையுறை, வேகவைத்த கோழி ஈரல் பொடிப்பொடியாக நறுக்கியது. நீளக் கயிற்றைக் கழுத்துப் பட்டையில் மாட்டவே கூடாது. முழு வேகத்தில் ஓடும் நாய் கயிற்றின் முனையில் சுண்டி நின்றால் கழுத்து தாங்காது. தவிர, இந்த இனங்களுக்குத் தலை குறுகல். சாதாரணப் பட்டையிலிருந்து பின்வாங்கியே தலையை உருவிக்கொள்ளும். நைலான் கயிறு வேண்டாம், உள்ளங்கையை அறுத்துவிடும். கயிற்றில் ஒரு மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு வையுங்கள். காலால் மிதித்தால் முடிச்சில் நிற்கும்.

குட்டியாக இருக்கும்போதே (3 வாரம் முதல் 14 வாரம் வரை)

உலகத்தில் எதெல்லாம் சகஜம் என்று குட்டி முடிவு செய்யும் காலம் இது. தாயோடு இருக்கும் வாரங்கள் போக மீதி உங்கள் கையில். இந்த நாள்களில் தினமும் ஆட்டுப் பட்டிக்குப் பக்கத்தில் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். கோழி மேயும் முற்றத்தில் சோறு வையுங்கள். குஞ்சு உள்ள தாய்க்கோழி ஒரு கொத்துக் கொத்தினாலும் பரவாயில்லை, கண்ணில் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் நரி வேட்டைக்கு வளர்த்த குட்டிகளைச் சில மாதங்கள் பண்ணை வீடுகளில் விட்டு வைப்பார்கள். கோழி, ஆடு, மாட்டுக்கு நடுவே அவை வளர்ந்து திரும்பும். நம்மூரில் கிடை போடுகிறவர்களிடம் வளரும் நாய் ஆட்டைத் தொடாததற்கும் காரணம் இதுதான்.

இந்தக் காலம் தவறிப்போயிருந்தாலும் மனம் தளர வேண்டாம். கூடுதல் நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.

'விடு' என்ற சொல்

மூடிய கைக்குள் ஈரலை வைத்து நீட்டுங்கள். குட்டி நக்கும், பிராண்டும், கடிக்கப் பார்க்கும். பேசாமல் இருங்கள். ஏதோ ஒரு நொடியில் மூக்கைப் பின்னுக்கு எடுக்கும். அந்த நொடியே "சரி" என்று சொல்லி, மறு கையிலிருந்து ஒரு துண்டு கொடுங்கள். மூன்று நான்கு நாளில் கையைப் பார்த்ததுமே பின்வாங்கும். அதன் பிறகுதான் "விடு" என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். வீட்டில் எல்லோரும் அதே சொல்லைச் சொல்லுங்கள். அப்பா "விடு", பிள்ளைகள் "ச்சூ" என்றால் குட்டி குழம்பும்.

கூப்பிட்டால் வருவதையும் இப்போதே பழக்குங்கள். காற்றில் குரல் போகாது, விசில் போகும். விசிலுக்கு வந்தால் ஈரல், ஒவ்வொரு முறையும்.

ஆட்டுக்கு முன்னால்: தூரம்தான் கருவி

காலை ஆறு மணிக்குப் போங்கள். எட்டு மணிக்கு மேல் நம் வெயிலில் நாயின் பாதமும் தாங்காது, புத்தியும் ஓடாது.

முதல் நாள் ஆடுகள் பட்டிக்குள் இருக்கட்டும். 100 மீட்டர் தள்ளி நில்லுங்கள். குட்டி ஆட்டைப் பார்க்க வேண்டும். ஆனால் நீங்கள் நீட்டும் ஈரலையும் தின்ன வேண்டும். தின்ன மறுத்தால் ரொம்பப் பக்கத்தில் நிற்கிறீர்கள், இன்னும் 20 மீட்டர் பின்னால் போங்கள். எவ்வளவு தூரம் சரி என்பதைச் சொல்லும் அளவுகோல் இது ஒன்றுதான்.

இனி குட்டியின் முகத்தை மட்டும் பாருங்கள். ஆட்டைக் கண்டதும், மூச்சிரைத்துத் திறந்திருந்த வாய் சட்டென்று மூடும். மடிந்து கிடந்த காதின் அடிப்பகுதி எழும். கழுத்து நீளும், ஒரு முன்னங்கால் தரையை விட்டு அரை அங்குலம் தூக்கி நிற்கும். இவ்வளவும் இரண்டு மூன்று நொடிக்குள் நடந்துவிடும். கால் தூக்கிய பிறகு "விடு" என்று கத்துவது பஸ் போன பிறகு கை காட்டுவது போல. வாய் மூடிய நொடியில் மெதுவாக "சரி" என்று சொல்லுங்கள். ஈரலின் நினைவில் தலை உங்கள் பக்கம் திரும்பும். கொடுங்கள். மறுபடி ஆட்டைப் பார்க்கும், மறுபடி "சரி". பத்து நிமிடம் போதும், வீட்டுக்குப் போய்விடுங்கள்.

ஒரு வாரத்தில், நீங்கள் எதுவும் சொல்லாமலே, குட்டி ஆட்டைப் பார்த்துவிட்டு 'எங்கே என் பங்கு' என்பது போல உங்களைத் திரும்பிப் பார்க்கும். எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறியும் தருணம் அது. அந்தத் திரும்புதலுக்கு ஒரு துண்டு போதாது, ஒரு பிடி கொடுங்கள்.

அது வந்த பிறகே 10 மீட்டர் முன்னால் போகலாம். பட்டிக்குள் ஆடு, மேயும் ஆடு, நடக்கும் ஆடு, கடைசியில் ஓடும் ஆடு என்ற வரிசையைத் தாண்டிக் குதிக்காதீர்கள். ஆடு ஓடத் தொடங்கும் கட்டத்தில் மறுபடி 100 மீட்டருக்குப் பின்வாங்குங்கள். ஆட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் சம்மதத்தோடு செய்யுங்கள். சினை ஆடு உள்ள மந்தைப் பக்கம் போகவே வேண்டாம்.

ஓட்டத்தைக் கூலியாகக் கொடுங்கள்

இந்த இனங்களுக்குத் தின்பதைவிட ஓடுவதில் ஆசை அதிகம். ஐந்தடி மூங்கில் கம்பு, அதே நீளத்தில் கயிறு, நுனியில் பழைய சாக்குத் துணி கட்டுங்கள். தரையோடு இழுத்தால் முயல் போலவே ஓடும். குட்டி துரத்தட்டும், பிடிக்கட்டும், உதறட்டும். பிறகு "விடு" சொல்லி ஈரலைக் காட்டுங்கள். வாயிலிருந்து விட்டதும் மறுபடி துணியை ஓட்டுங்கள். விட்டால் ஆட்டம் முடியாது, மறுபடி கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். ஒரு வயது வரை எலும்பு முற்றியிருக்காது. ஆகவே இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வெடுக்கென்று திருப்பவோ உயரத் தாவவிடவோ கூடாது.

இதைப் பட்டியருகே கொண்டுபோங்கள். ஆட்டைப் பார்த்துவிட்டு உங்களிடம் திரும்பினால், பை திறந்து சாக்குத் துணி வெளியே வரும். என் இப்போதைய நாயிடம் ஈரலால் முடியாததை இந்தத் துணிதான் முடித்தது.

கோழி, மயில், முயல்

கோழிக்கு இதே முறைதான். ஆனால் கோழி படபடத்துப் பறப்பதால் தூரத்தைக் கூடுதலாக வையுங்கள். மயிலையும் முயலையும் நாம் ஏற்பாடு செய்ய முடியாது, செய்யவும் கூடாது. வரப்பு ஓரமாகக் கயிற்றோடு நடக்கும்போது தானாக எதிர்ப்படும். வேலிக்கருவைப் புதர் அடர்ந்த இடத்தில் நீளக் கயிறு சிக்கிக்கொள்ளும், அங்கே கயிற்றைச் சுருட்டிப் பிடியுங்கள்.

தப்பி ஓடிவிட்டால்

கத்திக்கொண்டு பின்னால் ஓடாதீர்கள். நீங்களும் வேட்டையில் சேர்ந்துகொண்டதாகத்தான் நாய் நினைக்கும். தரையில் இழுபடும் கயிற்றை மிதியுங்கள். அது கைக்கு எட்டாவிட்டால் எதிர்த் திசையில் ஓடிக்கொண்டே விசில் அடியுங்கள். எவ்வளவு கோபம் இருந்தாலும், திரும்பி வந்த நாய்க்கு ஈரல் கொடுங்கள். மறுநாள் தூரத்தை இரட்டிப்பாக்குங்கள்.

இரண்டு குட்டிகளைச் சேர்த்துப் பழக்காதீர்கள். ஒன்று பாய்ந்தால் மற்றதும் பாயும். நன்றாகப் பழகிய வயதான நாய் இருந்தால் மட்டும் துணைக்கு அழைத்துப் போகலாம்.

கயிற்றை எப்போது கழற்றுவது

ஓடும் ஆட்டுக்கு 15 மீட்டர் அருகில், தொடர்ந்து ஒரு மாதம், ஒரு பிசகும் இல்லாமல் உங்களைத் திரும்பிப் பார்த்தால் கயிற்றைக் கையிலிருந்து விடுங்கள், தரையில் இழுபடட்டும். இன்னொரு மாதம் கழித்து அதில் பாதியை வெட்டுங்கள். பிறகு ஒரு முழம். என் நாய்க்கு ஒன்றரை வயதில்தான் கயிறு முழுக்கப் போனது. அப்போதும் வேலி போட்ட தோட்டத்துக்குள் மட்டும்தான். புரட்டாசி, ஐப்பசி மழைக்குப் பிறகு புல் எழும்பி முயல் நடமாட்டம் கூடும் நாள்களில் மறுபடி 10 மீட்டர் கயிற்றை மாட்டித்தான் வெளியே அழைத்துப் போகிறேன்.