வீடியோ கேமுக்கு விமர்சனம் எழுதும் முறை: டெல்டா இளைஞர்களுக்கு ஒரு வழிகாட்டி

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று காவிரிப் படுகையின் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் கேம் ஆடும் இளைஞர்கள் இருக்கிறார்கள். தாங்கள் ஆடிய கேமைப் பற்றித் தமிழில் எழுத விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எழுதப்படுவதில் பெரும்பகுதி, “கிராபிக்ஸ் அருமை, கதை சுமார், ஒருமுறை ஆடலாம்” என்ற சினிமா விமர்சன வாய்பாட்டோடு நின்றுவிடுகிறது. திரைப்படத்தை நாம் பார்க்கிறோம். கேமை நம் கை ஆடுகிறது. ஆகவே விமர்சகர் சொல்லும் ஒவ்வொரு கருத்தும், கை என்ன செய்தது, அதற்குக் கேம் என்ன பதில் கொடுத்தது என்ற இடத்திலிருந்துதான் பிறக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அண்மை ஆண்டுகளில் வந்த பலவகை கேம்களை எடுத்துக்காட்டாக வைத்து, அந்த முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில், எந்தக் கருவியில் ஆடினீர்கள் என்பதைத் தாளின் தலைப்பிலேயே குறித்துக்கொள்ளுங்கள். 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 வெளியானபோது, விமர்சகர்களுக்கு முன்கூட்டியே தரப்பட்டது கணினிப் பதிப்பு மட்டுமே. பழைய பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிகளில் அது அடிக்கடி உறைந்து நின்றது, வாங்கியவர்கள் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள், சோனி தன் கடையிலிருந்தே அந்தக் கேமைச் சில மாதங்களுக்கு நீக்கிவைத்தது. முதல் நாள் பாராட்டுரைகளைப் படித்துப் பழைய கருவிக்காக வாங்கியவருக்கு அந்தப் பாராட்டுகளால் எந்தப் பயனும் இல்லாமல் போயிற்று. நம் பகுதி வாசகர்களில் ஒருவரிடம் அரசு வழங்கிய மடிக்கணினி இருக்கும், இன்னொருவரிடம் நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போன் மட்டும் இருக்கும். கேமிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடுகிறவர்களும் உண்டு. பால்டர்ஸ் கேட் 3 கணினியில் 150 ஜிபி இடம் கேட்கிறது. பலாட்ரோவுக்கு 150 எம்பி போதும். நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் மொபைல் திட்டத்தை மட்டும் நம்பியிருப்பவருக்கு முன்னது இரண்டரை மாத டேட்டா. இந்த விவரத்தைக் கடைசி வரியில் ஒளித்துவைக்காமல் தொடக்கத்திலேயே சொல்வது வாசகருக்குச் செய்யும் முதல் உதவி.

எவ்வளவு நேரம் ஆட வேண்டும் என்பதற்கு ஒரே விதி கிடையாது. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்பதால், முதல் இரண்டு மணி நேரம் எப்படி இருந்தது என்பதைத் தனியாக எழுதுவது வாங்குபவருக்கு நேரடியாகப் பயன்படும். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தை வைத்து முழுக் கேமுக்கும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. 2023 ஆகஸ்டில் வந்த பால்டர்ஸ் கேட் 3-இன் மூன்றாம் அங்கம் நெரிசலான நகரத்தில் நடக்கிறது. வெளியான காலத்தில் அந்தப் பகுதி பல கணினிகளில் தடுமாறியது. முதல் அங்கத்தோடு நிறுத்திக்கொண்ட எவரும் அதை அறிந்திருக்க முடியாது. குறுகிய கேமை முடித்துவிட்டு எழுதுங்கள். நீண்ட கேமில் எந்த இடம்வரை வந்தீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ஆடும்போது பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். எந்த இடத்தில் கேமை நிறுத்தத் தோன்றியது, எங்கே தூக்கத்தை மறந்து தொடர்ந்தீர்கள், எந்தத் தோல்வி உங்கள் தவறு, எது கேமின் தவறு என்பவற்றை அந்த நேரத்திலேயே குறிக்க வேண்டும். மறுநாள் நினைவிலிருந்து எழுதினால், “நன்றாக இருந்தது”, “போர் அடித்தது” என்ற பொத்தாம்பொதுவான சொற்களே மிஞ்சும். 2025 செப்டம்பரில் வெளியான ஹாலோ நைட்: சில்க்சாங்கைப் பற்றிப் பலரும் “மிகக் கடினம்” என்றார்கள். அது உண்மைதான், ஆனால் அந்த ஒரு சொல்லால் வாசகருக்கு எதுவும் விளங்காது. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: “தொடக்கத்தில் நமக்கு ஐந்து முகமூடிகள் உயிராகத் தரப்படுகின்றன, பல எதிரிகளின் ஓர் அடி இரண்டைப் பறித்துவிடுகிறது, ஆக மூன்று தவறுகளில் ஆட்டம் முடிந்து, கடைசியாகச் சேமித்த இருக்கையிலிருந்து மீண்டும் நடக்க வேண்டியிருக்கிறது.” இதைப் படிப்பவர், தமக்கு அந்தப் பொறுமை உண்டா இல்லையா என்பதைத் தாமே முடிவு செய்துகொள்வார். எல்டன் ரிங்கைப் போலவே இதிலும் கடினத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதி இல்லை என்பதையும், வெளியான பிறகு தொடக்கப் பகுதியின் சில பாஸ்களை, அதாவது பெரிய எதிரிகளை, தயாரிப்பாளர்களே சற்று எளிதாக்கினார்கள் என்பதையும் சேர்த்தால் அந்தப் பத்தி முழுமை பெறும்.

ஒவ்வொரு வகைக்கும் அளவுகோல் வேறு. 2025 ஏப்ரலில் பிரான்சிலிருந்து வந்த கிளேர் ஆப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33, முறைவைத்துத் தாக்கும் சண்டையை உடையது, எனினும் எதிரியின் வீச்சைச் சரியான கணத்தில் பொத்தானை அழுத்தித் தடுக்க வேண்டும். பழைய டிவியில் படம் சில நொடித்துளிகள் தாமதமாக வந்தால் அந்தத் தடுப்பு கைகூடாது. ஆகவே டிவியில் இந்தத் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோட் இருந்தால் அதைப் போட்டுப் பார்த்த பிறகே சண்டையைக் குறை சொல்ல வேண்டும். சீட்டுக்கட்டு கேமான பலாட்ரோவுக்குக் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பத்தாவது ஆட்டம் முதல் ஆட்டத்திலிருந்து எவ்வளவு மாறுகிறது? ஜோக்கர் அட்டைகளின் சேர்க்கை ஒவ்வொரு முறையும் புதிய கணக்கை நம் முன் வைப்பதால், என் பார்வையில் 2024-இன் மிகச் சிறந்த வடிவமைப்புகளுள் அது ஒன்று. அதைப் பற்றி எழுதும்போது நம் வீடுகளில் சீட்டு என்றாலே சூதாட்டம் என்று அஞ்சுகிற பெரியவர்களையும் மனத்தில் வைத்திருங்கள். போக்கர் அட்டை வரிசைகளை அது பயன்படுத்துகிறதே தவிர, பணம் வைத்து ஆட அதில் வழியே இல்லை. ஐரோப்பிய வயது மதிப்பீட்டு அமைப்பு முதலில் 18 வயது என்று முத்திரையிட்டுவிட்டு, 2025 பிப்ரவரியில் 12 வயதாகத் திருத்திக்கொண்டது.

பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) போன்ற இலவச இணைய கேம்களுக்கு எழுதும்போது பணமும் சிக்னலும் தனிப் பத்திகளைப் பெற வேண்டும். காலையில் டவரில் கூட்டம் குறைவாக இருக்கும்போது காட்டும் பிங் (சர்வர் பதில் தர எடுக்கும் நேரம்) அளவும், இரவு எட்டு மணிக்கு ஊரே போனைக் கையில் எடுத்திருக்கும்போது காட்டும் அளவும் ஒன்றாக இருக்காது, இரண்டையும் எழுதுங்கள். காசு செலவிடாமல் எவையெல்லாம் கிடைக்கும், எவை அதிர்ஷ்டப் பெட்டியில் மட்டும் வரும் என்பதைப் பிரித்துக் காட்டுங்கள். பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது; அதன் இடத்துக்கு 2021 ஜூலையில் வந்த பிஜிஎம்ஐ, 2022 ஜூலையில் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு 2023 மே மாதத்தில்தான் திரும்பியது. இத்தகைய கேமில் ஆடைக்கும் துப்பாக்கி வண்ணத்துக்கும் போடும் பணம், ஓர் உத்தரவில் எட்டாமல் போகக்கூடியது என்பதைப் பள்ளி மாணவர்கள் படிக்கும் விமர்சனத்தில் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இனி, டெல்டாவில் பிறந்தவர் மட்டுமே எழுதக்கூடிய விமர்சனத்துக்கு வருவோம். 2020 நவம்பரில் வெளியான சகுனா: ஆஃப் ரைஸ் அண்ட் ரூயின், ஜப்பானைச் சேர்ந்த எடெல்வைஸ் என்ற மிகச் சிறிய குழுவின் படைப்பு. பாதி நேரம் அசுரர்களோடு பக்கவாட்டில் ஓடிச் சண்டையிடும் கேம். மறுபாதி நெல் சாகுபடி. விதையைக் கரைசலில் இட்டுத் தேர்வதும், சேற்றில் பின்னோக்கி நடந்தபடியே நாற்று நடுவதும், இடைவெளி நெருங்கினால் விளைவு மாறுவதும், பருவத்துக்கேற்பத் தண்ணீரை ஏற்றி இறக்குவதும், அறுத்துக் காயவைத்து உமி நீக்குவதும் எல்லாம் கையாலேயே செய்ய வேண்டியவை. அரிசியின் தரம் உயர்ந்தால் நாயகியின் வலிமை உயர்கிறது. நல்ல விளைச்சலுக்காக அந்நாட்டு வேளாண் அமைச்சகத்தின் இணையதளத்தையே ஆட்டக்காரர்கள் புரட்டிப் பார்த்தது ஜப்பானில் செய்தியாயிற்று.

முட்டை மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்துப் பதரை அரித்து எடுப்பதையும், காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவதையும் வீட்டில் பார்த்து வளர்ந்தவருக்கு இந்தக் கேமின் எந்தச் செய்கை உண்மையானது, எது அலங்காரம் என்பது முதல் சாகுபடியிலேயே தெரிந்துவிடும். உலகின் பெரும்பாலான விமர்சகர்கள் “விவசாயம் விரிவாக இருக்கிறது” என்ற ஒரு வரியில் கடந்துபோன இடத்தில், உங்களால் பத்து வரிகள் எழுத முடியும்: வயலை வடியவிடும் முடிவை ஆடுபவரிடமே விட்டிருப்பது ஏன் சிறப்பு, களையைத் தாமதித்தால் வரும் இழப்பு போதுமான அளவு உறைக்கிறதா, நடவு நடும் கைக்கு வரவேண்டிய ஓர்மை பொத்தானை அழுத்தும் விரலுக்கும் வருகிறதா என்றெல்லாம் ஆராயலாம். என் கருத்தில் அந்த ஓர்மை வருகிறது. முதல் ஆண்டில் கோணலாக நட்ட கை, அடுத்தடுத்த ஆண்டுகளில் வரிசை பிடித்து நடுவதை உணரும்போது, வளர்ந்தது நாயகியின் எண்கள் மட்டும் இல்லை, ஆடுபவரின் திறமையும்தான் என்பது புரிகிறது. அதே கேமின் சண்டைப் பகுதியில் புதிய இடங்களைத் திறக்கச் சிறுசிறு பணிகளை நிறைவேற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பது எனக்குச் சலிப்பைத் தந்தது. இரண்டையும் ஒரே விமர்சனத்தில் எழுதத் தயங்க வேண்டாம்.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. நமக்குத் தெரிந்த ஒன்றை வைத்து அளக்கும்போது, நம் ஊர் வழக்கத்திலிருந்து விலகியவற்றை எல்லாம் பிழை என்று சொல்லிவிடும் ஆபத்து உண்டு. சகுனாவில் கதிரைக் கழியில் தொங்கவிட்டு உலர்த்துவது ஜப்பானியர் முறை. நாம் களத்தில் அடித்துக் காயவைக்கிறோம் என்பதற்காக அது தவறாகிவிடாது. விவசாய கேமான ஸ்டார்டியூ வேலியில் 2019-இல் சேர்க்கப்பட்ட நெல் நாற்று 8 நாட்களில் விளைகிறது. தண்ணீருக்கு அருகே நட்டால் 6 நாட்களே ஆகும். ஆடுதுறை 43 போன்ற குறுவை ரகத்துக்கே ஏறத்தாழ 110 நாட்கள் வேண்டும் என்று சொல்லி அதைக் கேலி செய்வது விமர்சனம் ஆகாது, ஏனெனில் அந்தக் கேமின் ஒரு பருவமே 28 நாட்கள்தான். எல்லாப் பயிருக்கும் காலம் அதே அளவில் சுருக்கப்பட்டிருக்கிறது. தண்ணீரை ஒட்டி நட்டால் பலன் உண்டு என்ற ஒற்றை விதியைத் தவிர, மற்றப் பயிர்களிலிருந்து வேறுபட்ட எந்த முடிவையும் நெல் நம்மிடம் கேட்பதில்லை என்று சொன்னால் அது சரியான குறை. கேம் எதைச் செய்ய முனைந்ததோ அதில் தவறியிருந்தால் மட்டுமே அதைத் தவறு என்று எழுதுங்கள்.

இதே கவனம் வெண்பா என்ற கேமுக்கும் பொருந்தும். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட இந்தச் சமையல் கேம், 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. 2024-இல் சிறந்த அறிமுகப் படைப்புக்கான, பிரிட்டனின் பாஃப்டா விருதைப் பெற்றது. அம்மாவின் சிதைந்துபோன சமையல் குறிப்பேட்டில் அழிந்த வரிகளை ஊகித்து, ஆவி தடைப்படாதபடி இட்லித் தட்டுகளை அடுக்க வேண்டும். தமிழ் வாசகருக்கு இதில் ஒரு நெகிழ்ச்சி எளிதாக வந்துவிடும். நம் சமையலறை திரையில் வந்த மகிழ்ச்சியே பாராட்டாக மாறிவிடக் கூடாது. எனக்கு அந்தக் குடும்பத்தின் கதை மனத்தில் ஆழப் பதிந்தது. ஆனால் புதிர்கள், இட்லி ஊற்றத் தெரிந்த எவரும் யோசிக்காமலே கடக்கக்கூடியவை, தவறினாலும் இழப்பில்லை, இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஆகவே சமையலே தெரியாத ஒரு நண்பரின் கையில் கொடுத்து, அவர் எங்கே தயங்குகிறார் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். நமக்குப் பழக்கமானதைப் பற்றிய கேமுக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

கதையின் திருப்பங்களை வெளியிட வேண்டாம். வெளியிட்டே ஆக வேண்டுமானால் முன்பே சொல்லிவிடுங்கள்.

மதிப்பெண்ணைப் பொறுத்தவரை, முடிந்தால் தவிர்ப்பதே நல்லது. 2010-இல் வந்த ஃபால்அவுட்: நியூ வேகஸுக்கு, விமர்சகர்களின் மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தின் சராசரி 85 வந்தால் தயாரித்த நிறுவனத்துக்கு ஊக்கத்தொகை என்று ஒப்பந்தம் இருந்ததாம், கிடைத்தது 84, தொகை கைநழுவியது. இதை அந்தக் கேமின் வடிவமைப்பாளர்களில் ஒருவரே பின்னர் சொன்னார். பலருடைய எண்களைக் கூட்டி வகுத்து வந்த ஒற்றை எண், அந்தக் கேமில் எது நன்று, எது குறை என்பதை யாருக்கும் சொல்லவில்லை. எண் தந்தே தீர வேண்டிய இடத்தில் எழுதினால், அந்த எண்ணை முதலில் முடிவு செய்துவிட்டுக் காரணம் தேடாமல், பத்திகளை எழுதி முடித்த பிறகு அதைத் தீர்மானியுங்கள்.

கூட்டத்தின் கோபத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். 2024 மே மாதத்தில், கணினியில் ஹெல்டைவர்ஸ் 2 ஆடுகிறவர்களும் பிளேஸ்டேஷன் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்று சோனி அறிவித்ததும், எதிர்மறைக் கருத்துகள் ஸ்டீமில் வந்து குவிந்தன. சில நாட்களில் சோனி அதைக் கைவிட்டது. அந்தக் கோபம் நியாயமானது, ஆனால் கேமின் துப்பாக்கிச் சண்டை ஒரே வாரத்தில் கெட்டுவிடவில்லை. சில்க்சாங்குக்குச் சீன ஆட்டக்காரர்கள் தந்த தாழ்ந்த மதிப்பீட்டின் பெரிய காரணம் அதன் சீன மொழிபெயர்ப்பு. அது அந்த வாசகர்களுக்கு உண்மையான குறை, மற்ற மொழியில் ஆடுகிறவருக்குப் பொருந்தாதது. நிறுவனத்தின் நடத்தைக்கு ஒரு பத்தி, கேமுக்கு வேறொரு பத்தி என்று பிரித்து எழுதினால், படிப்பவர் இரண்டையும் தனித்தனியே எடைபோட முடியும்.

கடைசியாக, ஆடிய பதிப்பின் எண்ணையும் எழுதிய தேதியையும் விமர்சனத்தின் அடியில் குறிப்பிடுங்கள். சைபர்பங்க் 2077, 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட்டுக்குப் பிறகு பெரிதும் திருந்திய கேம். 2016-இல் ஏமாற்றம் என்று ஒதுக்கப்பட்ட நோ மேன்ஸ் ஸ்கையும் ஆண்டுக்கணக்கான இலவச அப்டேட்டுகளால் மதிப்பை மீட்டுக்கொண்டது. பழைய விமர்சனத்தை அழித்துவிட வேண்டியதில்லை. அது எழுதிய நாளில் உண்மையாக இருந்தது, அன்று பணம் கொடுத்தவருடைய அனுபவத்துக்குச் சாட்சியாகவும் இருக்கிறது. அதன் கீழே புதிய தேதியிட்டு, எது மாறியது, எது மாறவில்லை, அதே கருவியில் இப்போது எப்படி ஓடுகிறது என்று ஒரு பத்தியைச் சேர்த்தால் போதும்.