நின்றுபோன இசைப்பெட்டிக்கு உதவப் போகாதீர்கள்: வீட்டு அருங்காட்சியகங்களில் தவிர்க்க வேண்டியவை

போன மாதம் எங்கள் புளோக் இளையர்கள் ஆறு பேரைச் சிங்கப்பூரின் ஜூ சியாட் பக்கம், பழம்பொருள் சேர்க்கும் ஒருவரின் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். தரையிலிருந்து உத்தரம் வரை சாமான். நுழைந்த கால் மணி நேரத்தில், 15 ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறுகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். கண்ணாடியில் கை வைக்கக்கூடாது, சத்தம் போடக்கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். யாரும் சொல்லித் தராதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ஆறு பேர் என்று சொல்லிவிட்டுப் பத்துப் பேராகப் போவது

ஜூ சியாட் டெரஸில் இருக்கும் தி இந்தான் ஒரு தனிமனிதரின் பெரனாக்கன் (சீன, மலாய்ப் பண்பாடுகள் கலந்த சமூகம்) சேகரிப்பு. நீல் ரோடு 157-இல் இருக்கும் நீலநிற பாபா இல்லம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. இரண்டுக்கும் முன்பதிவு செய்துவிட்டுத்தான் போகவேண்டும். நாளும் நேரமும் மாறுவதுண்டு. கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நம் குடும்பங்களில் கடைசி நேரத்தில் சித்தப்பா வீடும் சேர்ந்துகொள்ளும். இந்தப் பழைய வீடுகள் அகலம் குறைந்து, நீளம் மிகுந்தவை. நான்கு பேர் கூடினால் படிக்கட்டில் இறங்குகிறவருக்கு வழியில்லை.

முதுகுப் பை

வாசலிலேயே கழற்றிவிடுங்கள்.

"இது எங்க வீட்லயும் இருக்கு"

இப்படிச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போவது நம்மவர் வழக்கம். வெற்றிலைப் பெட்டி, பாக்குவெட்டி, படிக்கம், அடுக்குத் தூக்கு எல்லாம் நாம் பார்த்தவைதான். ஆனால் நோன்யா (பெரனாக்கன் பெண்) கல்யாணத்தில் அந்த வெற்றிலைப் பெட்டிக்குத் தனி இடம் உண்டு. அங்கே அது மென்று துப்புவதற்கான சாமான் மட்டுமல்ல, மங்கலப் பொருள். நம் தாம்பூலத் தட்டும் அப்படித்தானே? அதைச் சொல்லிப் பாருங்கள். வெள்ளிப் பெட்டியின் ஒவ்வொரு கிண்ணத்தையும் காட்டி, எதில் சுண்ணாம்பு, எதில் பாக்கு என்று வீட்டுக்காரர் விளக்கத் தொடங்குவார். என் பாட்டி பாக்கு வெட்டும்போது விரலை எப்படி மடக்குவார் என்று நான் செய்து காட்டியதற்காகவே, ஒருமுறை பூட்டியிருந்த அலமாரி ஒன்று திறந்தது.

நின்ற இசைப்பெட்டியை ஓடவைக்கப் பார்ப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

வயதான சீனர் ஒருவர் தன் வீட்டு மாடியில் பழைய இசைப்பெட்டிகள் சேர்த்து வைத்திருந்தார். பித்தளை உருளை, அதன்மேல் நூற்றுக்கணக்கான நுண்ணிய ஊசிகள், பக்கத்தில் எஃகுச் சீப்பு. உருளை சுழலும்போது ஊசி சீப்பின் பல்லை நிமிண்டிவிடும். ஒவ்வொரு பல்லும் ஒரு சுரம். எஃகுப் பல்லை மீட்டி இசை எழுப்பும் இந்த வழியை ஜெனீவாவின் கடிகாரக் கைவினைஞர் அந்துவான் ஃபாவ்ர் 1796-இல் கண்டுபிடித்தார்.

எங்களுக்காக ஒன்றை ஓடவிட்டுவிட்டு, அவர் தேநீர் எடுத்துவரக் கீழே போனார். பாட்டு பாதியில் நின்றது. பெட்டிக்குள் உருளைக்குப் பக்கத்தில் சின்ன விசிறி ஒன்று அசையாமல் இருந்தது. விரல் நுனியால் அதைத் தட்டிவிட்டேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன்.

பெட்டிதான் நின்றிருந்தது, உள்ளே விசைச்சுருள் முழு இறுக்கத்தில் இருந்தது. அந்த விசிறியும் அதைத் தாங்கும் திருகும்தான் உருளையின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கடிவாளம். தேய்ந்துபோன திருகு பிடி நழுவினால் சுருளின் மொத்த விசையும் ஒரே கணத்தில் அவிழும். அன்று அதுதான் நடந்தது. மிச்சப் பாட்டு ஓரிரு நொடியில் ஓர் இரைச்சலாக ஓடி முடிந்தது. ஊசிகள் சாய்ந்தன, பற்கள் முறிந்து பலகையில் தெறித்தன. அவர் தட்டோடு மேலே வந்தபோது நான் அந்தத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். திட்டவில்லை. பணம் தருகிறேன் என்றேன், வாங்கவில்லை. துண்டுகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, "இது என் அம்மாவுக்குப் பிடித்த பாட்டு" என்று மட்டும் சொன்னார்.

அதனால்தான் சொல்கிறேன். நின்ற பெட்டியைத் தட்டாதீர்கள், சாவி கொடுக்காதீர்கள், நன்றாகப் பார்க்கலாமென்று இடம் மாற்றவும் செய்யாதீர்கள். பாட்டின் நடுவே நின்றிருந்தால் ஊசிகள் பற்களை அழுத்திக்கொண்டிருக்கும். சிறு குலுக்கல்கூட ஆபத்து. உரியவரைக் கூப்பிட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். இசைப்பெட்டியை முறையாகக் கேட்க வேண்டுமென்றால் தெலுக் ஆயர் ஸ்திரீட்டில், தியான் ஹோக் கெங் கோயிலை ஒட்டிய சோங் வென் கே கட்டடத்தில் அதற்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது; வழிகாட்டியே இயக்கிக் காட்டுவார். 1830-இல் கட்டி முடித்த நம் நாகூர் தர்காவிலிருந்து சில வாசல்கள்தான். தர்கா வரை போகிற நம்மவர் பலர் அங்கே நுழைவதில்லை.

போன மாதமும் ஒரு தம்பி, "ஆன்டி, நின்னுடுச்சு" என்று கையை நீட்டினான். மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டேன். கொஞ்சம் பலமாகவே இழுத்துவிட்டேன். அவனிடம் மன்னிப்பும் கேட்டேன்.

கண்மட்டத்தில் மட்டும் பார்ப்பது

பாபா இல்லத்தின் மாடிப் படுக்கையறைத் தரையில் சிறு துளை ஒன்று உண்டு. கீழே வாசலுக்கு வந்திருப்பது யாரென்று, வந்தவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதற்காக வைத்தது. மரக்கட்டிலின் செதுக்கலில் மயங்கி நின்றால் அது கண்ணில் படாது. குனிந்து பாருங்கள், அண்ணாந்தும் பாருங்கள்.

விலை

கேட்காதீர்கள். யார் கொடுத்தது என்று கேளுங்கள்.

பார்வையாளர் ஏடு

தமிழிலேயே எழுதுங்கள். "அருமை, நன்றி" போதாது. எந்தப் பொருளின் முன் அதிக நேரம் நின்றீர்கள் என்று எழுதுங்கள். நான் போன வீடுகளில், பக்கத்தைப் புரட்டி "இந்தத் தமிழ் என்ன சொல்கிறது?" என்று கேட்டவர்கள் இரண்டு பேர். வாசித்துச் சொன்னதும் நேராக அந்த அலமாரிக்குத்தான் போனார்கள்.