வெளிநாட்டுச் சுற்றுப்பயணத்துக்கு ரக்பி அணியைத் தேர்ந்தெடுக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற பருவத்தின் இறுதியில், முதன்முறையாக வெளிநாட்டுக்கு அணி அனுப்பவிருந்த ஒரு தேர்வுக் குழு, தன் கூட்டத்துக்கு என்னையும் ஆலோசனை சொல்ல அழைத்திருந்தது. வெள்ளைப் பலகையில் முப்பது பெயர்களை ஆடும் இடவாரியாக எழுதி வைத்திருந்தார்கள். முதல் வரியிலேயே என் பார்வை நின்றுவிட்டது: "ப்ராப்: 5 பேர்". இரு அணிகளின் முன்னணி வீரர்களும் பிணைந்து எதிரெதிரே தள்ளும் ஸ்க்ரமில், முன்வரிசையின் இரு ஓரங்களில் நிற்பவர்களே ப்ராப்கள். இருபது ஆண்டுகளுக்கு முன்பு, ஏறத்தாழ இதே போன்ற ஓர் அறையில், இதே வரியை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். தவறு என்னுடையது, அதன் வலியை அனுபவித்தவர் இருபத்தொரு வயது இளைஞர் ஒருவர்.

வேண்டியவர்களுக்கு இடம் கொடுப்பது, உடற்தகுதி இல்லாதவரைச் சேர்ப்பது, ஆட்டத்தைப் பார்க்காமலே முடிவெடுப்பது ஆகியவை தவறு என்று யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நல்ல எண்ணத்தோடும் உழைப்போடும் தேர்வு செய்பவர்களே சறுக்கும் இடங்களை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

சிறந்த பதினைவரிலிருந்து கணக்கைத் தொடங்குவது

புதிய தேர்வாளர்கள் தொடரின் பெரிய ஆட்டத்தில் இறங்கப்போகும் பதினைந்து பேரை முதலில் எழுதிவிடுகிறார்கள். பிறகு எஞ்சிய இடங்களைத் தங்கள் மனத்துக்குப் பிடித்தவர்களைக் கொண்டு நிரப்புகிறார்கள். நான் முதலில் கேட்பது ஆட்ட அட்டவணையை. சனிக்கிழமை எண்பது நிமிடம் ஸ்க்ரமில் தள்ளியவரைப் புதன்கிழமை மறுபடியும் தொடக்கத்திலிருந்து இறக்குவது விவேகமாகாது. ஓர் ஆட்டத்துக்கு மாற்று வீரர்களையும் சேர்த்து 23 பேர் தேவை. முப்பது பேரோடு போகும் அணியில் நான்கு பேர் காயமடைந்து, மூவர் காய்ச்சலில் படுத்துவிட்டால், எஞ்சியவர்கள் அளவெடுத்தாற்போல் அந்த 23 பேர்தான். அவர்களில் யார் எந்த இடத்தில் ஆடக்கூடியவர் என்பதை அந்த நிலையில் மாற்றிக்கொள்ள முடியாது.

மூன்றரை வாரம், ஆறு ஆட்டம் என்றால் நான் போடும் கணக்கு இது: லூஸ்ஹெட் ப்ராப் மூவர், டைட்ஹெட் ப்ராப் மூவர் (இந்த இரு வகைகளையும் கீழே விளக்குகிறேன்), அவர்களுக்கு நடுவே நிற்கும் ஹுக்கர் மூவர், லாக் நால்வர், ஃபிளாங்கரும் நம்பர் எட்டுமாக ஐவர், ஆக ஃபார்வர்டுகள், அதாவது ஸ்க்ரமில் தள்ளுபவர்கள், 18. ஸ்க்ரம் ஹாஃப் மூவர், ஃப்ளை ஹாஃப் இருவர், சென்டர் மூவர், விங்கரும் ஃபுல்பேக்கும் சேர்த்து நால்வர். ஆக பேக்குகள், அதாவது ஸ்க்ரமுக்கு வெளியே ஆடுபவர்கள், 12. இந்தக் கணக்கு வேதவாக்கல்ல. ஆனால் இதிலிருந்து விலகும் ஒவ்வோர் இடத்துக்கும் எழுத்தில் ஒரு காரணம் இருக்கவேண்டும் என்று வற்புறுத்துவேன்.

ஆளைக் குவிப்பதும் தீர்வாகாது. 2005இல் கிளைவ் உட்வர்ட் பயிற்றுவித்த பிரிட்டிஷ் அண்டு ஐரிஷ் லயன்ஸ் அணி (இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து வீரர்களின் கூட்டணி) நாற்பதுக்கும் மேற்பட்டவர்களோடு நியூசிலாந்துக்குப் புறப்பட்டது. பின்னால் அழைக்கப்பட்டவர்களையும் சேர்த்து மொத்தம் 51 பேரைப் பயன்படுத்தியது. வார நடுவில் ஆடும் அணிக்கெனத் தனிப் பயிற்சியாளர்கள் இருந்தார்கள். டெஸ்ட் தொடரை 3–0 என இழந்தார்கள். கேப்டன் பிரையன் ஓ'டிரிஸ்கால் முதல் டெஸ்டின் தொடக்கத்திலேயே தோள் பெயர்ந்து வெளியேறியதை வைத்துப் பார்த்தால், கூட்டம் மிகுந்ததே தோல்விக்குக் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. ஆயினும் சேர்ந்து பயிற்சி செய்யாத இருவரை ஒரே லைன்அவுட்டில் (ஓரக்கோட்டிலிருந்து எறியப்படும் பந்துக்காக இரு அணியும் வரிசையாக நிற்பது) நிறுத்திவிட்டு ஒத்திசைவை எதிர்பார்க்க முடியாது.

"ப்ராப்" என்று ஒரே வரியில் எழுதுவது

இன்றும் என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான். எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்க்ரமின் முன்வரிசையில் இடப்பக்கம் நிற்பவர் லூஸ்ஹெட், எண் 1. அவருடைய தலையின் இடப்பக்கம் வெளியே சுதந்திரமாக இருக்கும். சுமை பெரும்பாலும் வலத்தோளில் இறங்கும். வலப்பக்கம் நிற்பவர் டைட்ஹெட், எண் 3. அவருடைய தலை எதிரணியின் லூஸ்ஹெட்டுக்கும் ஹுக்கருக்கும் நடுவே செருகப்பட்டிருக்கும்; இரண்டு தோள்களிலும் சுமை, எதிரே ஒருவருக்குப் பதிலாக ஒன்றரை ஆள். முதலாமவர் கீழிருந்து மேலாகத் தூக்கப் பழகியவர். இரண்டாமவர் அந்தத் தூக்கலை வாங்கிக்கொண்டு தாழ்ந்தும் நேராகவும் நிற்கப் பழகியவர். பாதம் ஊன்றும் கோணம், இடுப்பின் திசை, எதிராளியின் சட்டையைப் பற்றும் கை என எல்லாமே வேறு. ஆண்டுக்கணக்கில் உடம்பில் ஊறிய பழக்கத்தை விமானப் பயணத்தின் இடைவெளியில் மாற்றிக்கொள்ள இயலாது.

நான் எழுதிய அந்த "5 பேரில்" நால்வர் லூஸ்ஹெட்டுகள். வலுவான லூஸ்ஹெட் தேவைப்பட்டால் மறுபக்கம் நகர்ந்துகொள்வார் என்று கூட்டத்தில் உறுதியாகச் சொன்னவன் நானே. இரண்டாவது ஆட்டத்தில் எங்கள் ஒரே டைட்ஹெட்டுக்குக் கெண்டைக்கால் தசை கிழிந்தது. மூன்றாவது ஆட்டத்தில் அந்த இளைஞருக்கு 3ஆம் எண் சட்டையைக் கொடுத்தோம். முதல் ஸ்க்ரமிலேயே எதிரணி லூஸ்ஹெட் அவருடைய மார்புக்கு அடியில் புகுந்துவிட்டார். எங்கள் பையனின் இடுப்பு வெளிப்பக்கம் விலகியது, முதுகு வளைந்தது, குதிகால்கள் புல்லைவிட்டு எழும்பின, நடுவரின் கை உயர்ந்தது. நான்காவது ஸ்க்ரமுக்குள் எதிரணி எங்களை அறிந்துகொண்டது. பந்தைக் கையால் விளையாடுவதைக் குறைத்து, எங்கள் பாதியில் ஸ்க்ரம் கிடைக்கட்டும் என்று காத்திருந்தது. ஒவ்வொரு பெனால்டியும் மூன்று புள்ளி, இல்லாவிட்டால் ஐம்பது மீட்டர். அன்றிரவு உணவு மேசையில் யாராவது அழைத்தால் அவர் கழுத்தைத் திருப்ப முடியாமல் நாற்காலியோடு உடம்பைத் திருப்பினார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

டைட்ஹெட்டுக்கு உரிய இருக்கையை நான் யாருக்குக் கொடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது விங்கர் ஒருவருக்கு. அவர் ஓடும் அழகில் எனக்கு மயக்கம். பயணம் முழுவதிலும் அவர் ஆடியது நாற்பது நிமிடம்.

பெரிய அணிகளும் இந்த இடத்தில் அடிபட்டிருக்கின்றன. 2009இல் தென்னாப்பிரிக்கா சென்ற லயன்ஸ் அணியின் டைட்ஹெட் ஃபில் விக்கரி, டர்பனில் நடந்த முதல் டெஸ்டில் தென்னாப்பிரிக்க லூஸ்ஹெட் டெண்டாய் ம்டவாரிராவிடம் ஸ்க்ரமுக்கு ஸ்க்ரம் திணறினார்; இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் ஆடம் ஜோன்ஸ் இறங்கிய பின்னரே ஸ்க்ரம் நிலைபெற்றது. லயன்ஸ் 26–21 என்று தோற்றது. அடுத்த வாரம் பிரிட்டோரியாவில் ஜோன்ஸ், கெத்தின் ஜென்கின்ஸ் என்ற இரண்டு ப்ராப்களும் அடுத்தடுத்துக் காயமடைந்து வெளியேறினர். அக்காலத்தில் ஆட்டத்துக்கு 22 பேர்தான். பெஞ்சில் இருந்தது ஒரே ஒரு ப்ராப். எனவே ஸ்க்ரமில் தள்ளுவதே நிறுத்தப்பட்டது. முன்னிலையில் இருந்த லயன்ஸ், மோர்னே ஸ்டெய்ன் கடைசி நொடியில் உதைத்த பெனால்டியால் 28–25 என்று தோற்று, தொடரையும் இழந்தது.

"அவர் இரண்டு பக்கமும் ஆடுவார்" என்ற பதில் ஒவ்வொரு கூட்டத்திலும் வரும். அப்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: கடைசியாக எப்போது அவர் 3ஆம் எண்ணில் ஆட்டத்தைத் தொடங்கினார், எதிரே யார் இருந்தார், கடைசி இருபது நிமிட ஸ்க்ரம்களின் காணொளி எங்கே. ஜேசன் லெனர்டு போல இரு பக்கமும் சர்வதேச அளவில் நிலைத்து ஆடியவர்கள் உண்டு. உங்கள் பட்டியலில் ஒரு லெனர்டு இருந்தால் இந்தப் பகுதியை நீங்கள் படித்திருக்கவே வேண்டியதில்லை.

மூன்றாவது டைட்ஹெட் வீண் என்று நினைப்பவர்களுக்கு 1997ஐ நினைவூட்டுவேன். பால் வாலஸ் அந்த லயன்ஸ் அணியில் முதலில் இல்லை; வேறொருவர் விலகியதால் சேர்ந்தவர். கனத்த தென்னாப்பிரிக்க முன்வரிசைக்கு எதிராக, உயரம் குறைந்த அவரும் டாம் ஸ்மித்தும் ஸ்க்ரமைத் தாழ்வாக அமைத்தே சமாளித்தனர். மூன்று டெஸ்டிலும் தொடக்க வீரர்களாக இறங்கினர்.

ஹுக்கர்களிலும் இதே கஞ்சத்தனம்

2022 பிப்ரவரியில் டப்ளினில் இத்தாலியின் ஹுக்கர் காயமடைந்தார்; அவருக்குப் பதிலாக வந்தவர் சிவப்பு அட்டை பெற்றார். பயிற்சி பெற்ற மூன்றாவது ஹுக்கர் இல்லாததால் ஸ்க்ரமில் தள்ளுதல் நின்றது. விதிப்படி இன்னொருவரும் வெளியேற வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் 13 பேரோடு ஆடி 57–6 என்று தோற்றார்கள். ஆட்ட நாளில் பெஞ்சின் அளவை விதி கட்டுப்படுத்துகிறது. ஆனால் பயணப் பட்டியல் உங்கள் கையில் இருக்கிறது.

இதைச் சொன்னால் 2023 உலகக் கோப்பையை எடுத்துக்காட்டுவார்கள். மால்கம் மார்க்ஸ் காயமடைந்தபோது தென்னாப்பிரிக்கா இன்னொரு ஹுக்கரை அழைக்காமல் ஃப்ளை ஹாஃப் ஹண்ட்ரே பொலார்டை அழைத்தது. இறுதியாட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே போங்கி ம்போனாம்பி வெளியேற, டியோன் ஃபோரி ஏறக்குறைய முழு ஆட்டத்தையும் ஹுக்கராக ஆடினார். கோப்பை 12–11 என்று கிடைத்தது. பன்னிரண்டு புள்ளியும் பொலார்டின் காலால் வந்தவை. துணிச்சலான தேர்வுதான். ஆனால் ஃபோரி ஃபிளாங்கராக ஆடியதோடு நெடுங்காலம் ஹுக்கராகவும் ஆடியவர் என்பதை எடுத்துக்காட்டுபவர்கள் விட்டுவிடுகிறார்கள். அப்படியும் அன்றைய லைன்அவுட் தடுமாறியது.

பெனால்டி உதைப்பவரைக் கடைசியில் தேடுவது

1997இன் இரண்டாவது டெஸ்டில் தென்னாப்பிரிக்கா மூன்று ட்ரை போட்டது (எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது ட்ரை, ஐந்து புள்ளி). லயன்ஸ் ஒன்றுகூடப் போடவில்லை. முடிவு 18–15, லயன்ஸுக்கு. தென்னாப்பிரிக்காவுக்கு உதையால் ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. மறுபக்கம் இயல்பில் ஃப்ளை ஹாஃபான நீல் ஜென்கின்ஸை, அவருடைய உதைக்காகவே ஃபுல்பேக்கில் நிறுத்தியிருந்தார்கள். அவர் ஐந்து பெனால்டிகளை உதைத்தார், ஜெரமி கஸ்காட் டிராப் கோல் (பந்தைத் தரையில் விழவிட்டு உதைப்பது, மூன்று புள்ளி) அடித்தார். உதைப்பவர் இருவர் வேண்டும். ஒரே ஆட்டத்தில் இருவரும் இறங்க முடிகிற இடங்களில் ஆடுபவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. இருவரும் ஃப்ளை ஹாஃப் என்றால், ஒருவர் எப்போதும் பெஞ்சில்தான் இருப்பார்.

தகுதிச் சான்றுகள்

அணிக்காக ஆடும் தகுதியைக் காட்டும் மூல ஆவணத்தைப் புறப்படும் முன் உங்கள் கண்ணால் பாருங்கள். தகுதியற்ற வீரர்களை இறக்கியதற்காக 2018இல் ஸ்பெயின், பெல்ஜியம், ருமேனியா மூன்றும் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் புள்ளிகளை இழந்தன, ஸ்பெயின் 2022இல் மறுபடியும் இழந்தது.

"அங்கே போவதற்குள் காயம் ஆறிவிடும்"

ஆறாது.

தலையில் அடிபட்டவரைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். மேல்மட்ட ஆட்டத்தில் மூளையதிர்ச்சி உறுதியானவர்களில் பெரும்பாலோர் குறைந்தது 12 நாள் விலகியிருக்கவேண்டும் என்பது 2022 முதல் நடைமுறை. மூன்றரை வாரப் பயணத்தில் 12 நாள் என்பது மூன்று ஆட்டம். ஸ்க்ரம் ஹாஃப் மூவர் என்று மேலே நான் எழுதியதன் காரணம் இதுவே.

பக்கத்தில் இருப்பவரை அழைப்பது

2017இல் நியூசிலாந்து சென்ற லயன்ஸ் அணிக்கு அதன் பயிற்சியாளர் வாரன் கேட்லண்ட், அந்தப் பகுதியில் சுற்றுப்பயணத்தில் இருந்த வேல்ஸ், ஸ்காட்லாந்து அணிகளிலிருந்து ஆறு பேரை அழைத்தார். தூரம் குறைவு என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை என்று கடும் விமர்சனம் எழுந்தது. அவர்களும் பெரும்பாலும் பெஞ்சிலேயே அமர்ந்திருந்தனர். இதைத் தவிர்க்க ஒரே வழி, ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மாற்று வீரரை முன்கூட்டியே தெரிவித்து, அவர் ஊரிலிருந்தபடியே பயிற்சியைத் தொடரச் செய்வது. காத்திருப்பவரிடம் வாரம் ஒருமுறையாவது பேசுங்கள்.

துணைக் கேப்டனைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்பது

2013இல் லயன்ஸ் கேப்டன் சாம் வார்பர்டன் காயத்தால் மூன்றாவது டெஸ்டுக்கு இல்லை.

நீக்கப்பட்டவர் செய்தியில் படித்துத் தெரிந்துகொள்வது

தொடக்கத்தில் சொன்ன கூட்டம் மூன்று மணி நேரம் நீண்டது. இறுதியில் "ப்ராப்: 5 பேர்" என்ற வரியை அழித்துவிட்டு, லூஸ்ஹெட் மூவர், டைட்ஹெட் மூவர் என்று இரண்டு வரிகளாக எழுதினார்கள். ஓர் இடம் குறைந்தது. விங்கர்களில் கடைசியாக எழுதப்பட்டிருந்த பெயர் போனது. குழுவின் செயலாளர் மின்னஞ்சல் தயாரிக்கத் தொடங்கினார். நான் அவரிடம் நீக்கப்பட்ட அந்த விங்கரின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கித் தலைமைப் பயிற்சியாளரிடம் கொடுத்தேன். அவர் வெளியே போய்ப் பேசிவிட்டு வர இருபது நிமிடம் ஆயிற்று.