தப்பபிப்பிராயம் இரத்தத்தில் ஊறியதா? விளக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலை மீன் சந்தையில் ஒரு காலை, பாரை மீனை நிறுத்தவர் நிறையில் சற்றுக் குறைத்துவிட்டதைக் கண்ட ஒருவர், அவரிடம் நியாயம் கேட்காமல் என் பக்கம் திரும்பி, "அவங்கட ஆக்கள் எல்லாரும் இப்பிடித்தான்" என்று குரலைத் தணித்துச் சொன்னார். முந்தின கிழமை தம் சமூகத்து வியாபாரி ஒருவர் பழுதான மீனைத் தலையில் கட்டியதையும் அவரே எனக்குச் சொல்லியிருந்தார். அது மட்டும் அந்த ஒருவரின் குணமாகவே அவர் மனத்தில் நின்றது.

இவரைக் கெட்டவர் என்று ஒதுக்கிவிடுவதே நாம் செய்யும் பெரிய தவறு. 1976இல் ஹமில்டன், கிஃபர்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், ஒரு பெரிய குழுவைப் பற்றி 26 செய்திகளையும் சிறிய குழுவைப் பற்றி 13 செய்திகளையும் வாசிக்கக் கொடுத்தார்கள். இரண்டிலும் நல்லது 9 என்றால் தீயது 4 என்ற விகிதமே இருந்தது. ஆயினும் வாசித்தவர்கள் சிறிய குழுவையே கூடுதலாகக் குறைகூறினார்கள். அரிதான ஆளும் அரிதான செயலும் சேர்ந்து வந்தால் அது நினைவில் ஆழமாகத் தங்கிவிடுகிறது. மூன்று சமூகங்கள் வாழும் எங்கள் நகரில் ஏதோவொரு தெருவிலோ கந்தோரிலோ ஒவ்வொருவரும் சிறுதொகையினரே என்பதால், இந்தப் பிழைக்கு ஆளாகாதவர் எவரும் இங்கில்லை.

அடுத்தது, இன்னும் ஆபத்தானது: கூர்ப்பு (பரிணாமம்) என்ற சொல்லைக் கேட்டதும் இனப்பகை பிறவிக்குணம் என்று முடிவுகட்டுவது. யார் தம் பக்கம் என்று விரைந்து கணிப்பது முன்னோருக்கு உயிர்காக்கும் திறனாக இருந்திருக்கலாம்; ஆனால் நடந்தே திரிந்த அவர்கள் வேறு நிறத்தவரைக் காண்பதே அரிது. 2001இல் கர்ஸ்பானும் அவருடைய இரு சக ஆய்வாளர்களும், வாக்குவாதப்படும் இரு கூடைப்பந்து அணியினரின் படங்களைக் காட்டி, யார் எதைச் சொன்னார் என்று கேட்டார்கள். அணிகளுக்கு வெவ்வேறு நிறச் சட்டை அணிவித்தபோது, பார்த்தவர்கள் தோல் நிறத்தைவிட அணியைக் கொண்டே கூடுதலாக ஆட்களைப் பிரிக்கத் தொடங்கினார்கள். அதற்கு நான்கு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. பக்கம் பிரிக்கும் பழக்கம் பழையது. எதை வைத்துப் பிரிப்பது என்பதைச் சூழலே கற்பிக்கிறது. கூர்ப்பால் வந்தது ஆகவே சரியானது என்று வாதிடுவோர், ஒன்று எப்படி வந்தது என்பதையும் அது நியாயமா என்பதையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

வெவ்வேறு சமூகத்தவர் பழகினால் போதும், தப்பபிப்பிராயம் குறைந்துவிடும் என்பதும் அரைகுறை விளக்கம். சம நிலை, பொதுவான இலக்கு, ஒத்துழைப்பு, அதிகாரத்தில் உள்ளோரின் ஆதரவு ஆகியவற்றை அமெரிக்க உளவியலாளர் அல்போர்ட் 1954இலேயே அதற்கு நிபந்தனைகளாக வைத்தார். காசைக் கொடுத்து மீனை வாங்கும் சந்தைப் பழக்கத்தில் இவை பெரும்பாலும் அமைவதில்லை. எல்லோரும் ஒரே கயிற்றைப் பிடித்துக் கரைவலை இழுத்து, பட்ட மீனில் சமமாகப் பங்கு பெறும் இடத்தில் அவற்றுள் குறைந்தது மூன்றேனும் அமைகின்றன.