பின் சஸ்பென்ஷன் ஆர்ம் வாங்கும் முன்: ஒரு ஆக்டேவியா ஆர்எஸ் கற்றுக்கொடுத்தது

தாம்பரம் வீட்டிலிருந்து ஒரகடம் தாண்டி இருக்கும் ஆலைக்குத் தினமும் போக வர 60 கிலோமீட்டர். அங்கே எனக்குத் தர ஆய்வுப் பிரிவில் வேலை. வண்டி 2017 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 230 குதிரைத்திறன். இரண்டாம் கையாக வாங்கியது. முந்தைய உரிமையாளர் 25 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டிருந்தார். 74,000 கிலோமீட்டரில் பஞ்சர் ஒட்டப் போன இடத்தில் கடைக்காரர் பின் இடது டயரைப் புரட்டிக் காட்டினார். வெளிப்பக்கம் புதுசு மாதிரி இருந்தது, உள்விளிம்பில் நூல் தெரிந்தது.

முதலில் போன பட்டறையில், பின் சக்கரங்களை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் எட்டு ஆர்மையும் கழற்றிவிட்டு, நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற முழு செட் போடச் சொன்னார்கள். எல்லா முனையிலும் ரோஸ் ஜாயின்ட், அதாவது ரப்பர் இல்லாத உலோக உருண்டை மூட்டு. போட்டேன். வளைவில் வண்டி பிடித்த பிடி அருமை, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஐப்பசி மழை முடிந்து மார்கழி பிறப்பதற்குள் படப்பை ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொன்றுக்கும் பின்னால் 'டொக்' என்றது. காஞ்சிபுரம் வரை பின் சீட்டில் வந்த அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். செட்டை முழுதாகக் கழற்றிவிட்டு, இரண்டாம் முறை ஒவ்வொரு ஆர்மாக யோசித்துப் போட்டேன். அந்த யோசனைதான் இது.

பொருள் தேடும் முன் நான்கு சக்கர அலைன்மென்ட் செய்து, சரிசெய்வதற்கு முந்தைய அளவுகள் உள்ள தாளைக் கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் முன் சக்கரத்தை மட்டும் திருப்பிவிட்டு முடிந்தது என்பார்கள். பின் அளவு இல்லாத தாள் நமக்கு உதவாது. என் தாளில் பின் கேம்பர், அதாவது சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு, இடது −2.4 டிகிரி, வலது −1.9. கழித்தல் குறி என்றால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கிறது. இரு பக்க உயரமும் ஒன்றாக இருந்து, கேம்பர் மட்டும் அரை டிகிரி அளவுக்கு வேறுபட்டால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறதா, புஷ் (ஆர்ம் முனையில் உலோகக் குழலைச் சுற்றியிருக்கும் ரப்பர்) கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எனக்குப் பழைய இடது மேல் ஆர்மின் புஷ்ஷில் ரப்பர் உலோகக் குழலை விட்டுப் பிரிந்திருந்தது. ரப்பரின் மேல்தோலில் மெல்லிய வெடிப்பு மட்டும் என்றால் பயப்பட வேண்டாம். கடப்பாரையால் மெல்ல நெம்பும்போது குழல் தனியாக ஆடினால்தான் அதன் காலம் முடிந்தது.

டயரை வேகமாகத் தின்பது கேம்பரைவிட டோதான், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் நேரே பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம். ஒரு சக்கரம் கால் டிகிரி தவறாகப் பார்த்தால், கிலோமீட்டருக்கு நாலு மீட்டருக்கு மேல் அது பக்கவாட்டில் இழுபடுகிறது. என் 60 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் தினமும் சுமார் 260 மீட்டர்! உள்ளங்கையை டயரின் மேல் குறுக்கே, உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கும் திரும்பவும் ஓட்டுங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் ரம்பப் பல்லாய்க் குத்தினால் டோ கெட்டிருக்கிறது. அதைத் திருத்தப் பெரும்பாலும் புது ஆர்ம் தேவையில்லை. ஏற்கெனவே இருக்கும் கேம் போல்ட் (திருப்பினால் ஆர்மின் முனையை நகர்த்தும் போல்ட்) போதும், துருப்பிடித்து இறுகாமல் இருந்தால்.

இனி ஆர்ம்கள். இந்த வண்டியில் பக்கத்துக்கு நான்கு. அதே ஆக்டேவியா பெயரில் ஓடும் சில மாடல்களில் பின்னால் தனித்தனி ஆர்ம்களுக்குப் பதில் இரு சக்கரத்தையும் இணைக்கும் டார்ஷன் பீம்தான் இருக்கும். ஆகவே கடையில் வண்டிப் பெயரைச் சொல்லி வாங்காமல் சேசிஸ் எண்ணைக் கொடுத்து வாங்குங்கள்.

நீளவாக்கில் முன்னோக்கிப் போகும் டிரெயிலிங் ஆர்ம் ஒரு தகடு. பிரேக்கின் இழுப்பை நெடுக்கில் தாங்கும், குறுக்கே நெகிழ்ந்து கொடுக்கும். அதன் முன்முனையில் உள்ள பெரிய புஷ் எல்லாத் திசையிலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் மற்ற மூன்று ஆர்மும் சக்கரத்தைத் தம் பாதையில் நடத்த முடியும். அந்த இடத்தில் கெட்டியான பாலியூரித்தேன் போட்டால் ஆர்ம்கள் ஒன்றையொன்று மல்லுக்கட்டும். பாலி புஷ்ஷின் கடினம் பெரும்பாலும் ஷோர் ஏ அளவில் 80 முதல் 95. சாதாரண ரப்பர் அதைவிட நன்றாக மென்மை. தினமும் ஓடும் வண்டிக்கு இங்கே ரப்பரைத் தவிர வேறெதையும் நான் போட மாட்டேன். இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்கில் மட்டும் ஓடும் வண்டிக்குக் கதை வேறு.

கீழே பின்பக்கம் இருப்பது ஸ்பிரிங் உட்காரும் ஆர்ம். வண்டியின் பின் எடை அதன் மேல். கம்பெனி அமைப்பிலேயே உள்ள அழுத்து எஃகு ஆர்மை வாங்குங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் விரிசல் ஓடினால் பல நேரம் கண்ணுக்கே தெரியாது. எஃகு வளைந்து காட்டிக்கொடுக்கும். ஸ்பிரிங் கிண்ணத்தில் நீர் வடியும் துளை இருக்கிறதா பாருங்கள், கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள் இரண்டு முறை பாருங்கள். ஹெட்லைட் உயரத்தைத் தானே சரிசெய்யும் வண்டிகளில் அதன் சென்சார் பின் ஆர்ம் ஒன்றில் மாட்டியிருக்கும். புது ஆர்மிலும் அதற்கான துளை வேண்டும்.

கூட்டிக் குறைக்கும் ஆர்ம் தேவைப்படுகிற ஒரே இடம் மேல் ஆர்ம். அதுவும் தாழ்த்திய வண்டியில், கேம் போல்ட்டைக் கடைசிவரை திருப்பியும் கேம்பர் அடங்காதபோது மட்டும். நான் ரப்பர் புஷ் உள்ளதாகத் தேடி எடுத்தேன். ரோஸ் ஜாயின்ட்டுக்குள் நம் ஊர்ப் புழுதியும் மழைநீரும் போனால் அரைத்துவிடும். மரை, தன் தடிமனைப்போல் ஒன்றரை மடங்காவது உள்ளே இருக்க வேண்டும், லாக் நட்டு இறுக ஸ்பேனர் நுழைய இடமும் வேண்டும். இப்போது இரு பக்கமும் −1.5 டிகிரி. நான்காவது ஆர்மான டோ ராடுக்குக் கம்பெனி மாதிரியே போதும்.

தயாரிப்பாளர் என்றால் லெம்ஃபோர்டர், டிஆர்டபிள்யூ போன்ற, கார் கம்பெனிகளுக்கே பொருள் தருபவர்களை முதலில் பார்ப்பேன். பெட்டியைவிடப் பொருளை நம்புங்கள். பழையதையும் புதியதையும் தராசில் வைத்துப் பார்த்தேன், குழலின் நீளத்தை வெர்னியரில் அளந்தேன். கவலைப்படும்படி எடை குறைந்தால் திருப்பிக் கொடுங்கள்.

எவ்வளவு நல்ல புஷ் வாங்கினாலும் மாட்டுவதில் ஒரு தவறு அதைக் கொன்றுவிடும். வண்டி லிஃப்ட்டில் தொங்கும்போதே போல்ட்டை முழுதாக இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும். கழற்றும் முன், வண்டி தரையில் நிற்கையில், சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு ஜாக்கியால் சக்கரம் மாட்டும் ஹப்பை அதே அளவுக்குத் தூக்கி நிறுத்தி, அப்புறம் கடைசி இறுக்கு. ஒரு முறை மட்டும் பயன்படுத்த வேண்டிய போல்ட்டுகள் இதில் உண்டு, புதியவற்றை ஆர்மோடு சேர்த்தே வாங்குங்கள். இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டிலும் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவைத்தேன். 500 கிலோமீட்டர் ஓடியதும் குனிந்து பார்த்தேன், ஒரு கோடும் நகரவில்லை. அன்றே மறுபடி அலைன்மென்ட் பார்த்து, அந்தத் தாளை டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்தேன்.