முகக்கவசப் பழக்கத்தை எண்ணிப் பார்ப்பது எப்படி?

பெருந்தொற்றுக் காலத்தில் முகக்கவசப் பழக்கம் மாறுவதை அறிய விரும்புவோர், ஓசூர்ப் பேருந்து நிலையத்திலும் தருமபுரிச் சந்தையிலும், வாரந்தோறும் அதே கிழமையில், அதே நேரத்தில், 100 பேரைக் கவனித்து, மூக்கும் வாயும் மூடியோர், தாடைக்கு இறக்கியோர், அணியாதோர் என மூன்றாகக் குறிக்க வேண்டும். தாடையில் தொங்குவதையும் அணிந்ததாகக் கணக்கிடுவதே பலர் செய்யும் பிழை. காவலரைக் கண்டதும் அது மேலேறிவிடும் என்பதால், சோதனை நடக்கும் நாளைத் தனியே எழுதவும். அபராதம் மாறிய நாளையும் அருகில் குறிக்கவும்: தமிழ்நாட்டில் 200 ரூபாயாக இருந்தது 2022 ஜனவரியில் 500 ஆனது. அப்போது கர்நாடகத்தின் விதி வேறாக இருந்தது. ஆகவே கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளி வழியாக ஓசூருக்குள் வரும் பேருந்துகளில் இறங்குவோரை உள்ளூர்க் கணக்கில் சேர்க்காமல் தனிப் பக்கத்தில் எழுதுவது நல்லது.