விமானிகளுக்குச் சங்கம் வேண்டுமா: ஒப்புதல் அட்டையில் கையெழுத்திடும் முன் செய்ய வேண்டியவை

அமெரிக்காவில் சங்கம் இல்லாத விமான நிறுவனம் ஒன்றில் வேலை செய்யும் விமானியிடம் சக விமானி ஒருவர், சங்கத்துக்கான தேர்தலைக் கோரும் ஒப்புதல் அட்டையை நீட்டும் நாளில்தான், அதுவரை ஓய்வறைப் பேச்சாக இருந்த விவாதம் அவருடைய சொந்த முடிவாக மாறுகிறது. அந்த முடிவை எப்படி எடுப்பது என்பதற்காக எழுதப்பட்டதே இந்த வழிகாட்டி. சங்கம் வேண்டும் என்ற பக்கம் சாய்பவன் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் மறுதரப்பு சொல்வதில் கணிசமான உண்மை உண்டு. அதைக் கேட்காமல் போடும் கையெழுத்து, முதல் நெருக்கடி வந்ததுமே வருத்தமாக மாறிவிடும்.

முதலில் அட்டை எதைக் குறிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே விமானிகளின் தொழிலுறவை ஆள்வது, 1926-இல் ரயில்வேக்காக இயற்றப்பட்டு 1936-இல் விமான நிறுவனங்களுக்கும் நீட்டிக்கப்பட்ட ரயில்வே தொழிலாளர் சட்டம். அதன்படி தேர்தலை நடத்துவது தேசிய மத்தியஸ்த வாரியம். நிறுவனத்தின் விமானிகளில் குறைந்தது பாதிப் பேர் அட்டையில் கையெழுத்திட்டால்தான் வாரியம் தேர்தலுக்கு உத்தரவிடும். கையெழுத்தும் தேதியும் உங்கள் கையாலேயே இடப்பட வேண்டும். அட்டை ஓராண்டுக்குத்தான் செல்லும். அட்டைகள் வாரியத்திடம் போகுமே தவிர நிர்வாகத்தின் கைக்குப் போவதில்லை என்பதால், பெயர் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் மட்டும் மறுக்க வேண்டியதில்லை. நியூயார்க் தளத்து விமானிகள் மட்டும் தனியே சங்கம் அமைத்துக்கொள்ளவும் முடியாது. நாடு முழுவதும் உள்ள அந்த நிறுவன விமானிகள் அனைவரும் ஒரே தொகுதி.

வாக்களிப்பைப் பற்றி ஒரு பழைய அறிவுரை இன்னும் உலவுகிறது: "சங்கம் வேண்டாமென்றால் வாக்களிக்காமலே இரு." 2010 வரை அது சரியாக இருந்தது. அப்போது வாக்குரிமை உள்ளவர்களில் பெரும்பான்மை தேவைப்பட்டதால், வாக்களிக்காதவர்கள் எதிர்ப்பாளர்களாகவே கணக்கிடப்பட்டார்கள். அந்த ஆண்டு விதி மாறியது. இப்போது பதிவான வாக்குகளில் பெரும்பான்மை போதும். ஆகவே நீங்கள் எந்தப் பக்கமானாலும் வாக்களியுங்கள்.

இனி விவாதத்தின் உள்ளே போகலாம். இதற்கு ஜெட்புளூ விமானிகளின் கதையை விடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. டேவிட் நீல்மன் தொடங்கிய அந்த நிறுவனம் 2000-இல் பறக்க ஆரம்பித்தபோது, சங்கத்துக்குப் பதிலாக ஒவ்வொரு விமானியுடனும் தனித்தனியே ஐந்தாண்டு வேலை ஒப்பந்தம் செய்துகொண்டது. நிர்வாகத்துடன் நேரடி உறவு இருக்கும்போது இடையில் ஒருவர் எதற்கு என்ற வாதம் அங்கே வெறும் பிரசாரமாக இருக்கவில்லை. பலர் அதை மனதார நம்பினார்கள். 2009-இல் நிறுவனத்துக்குள்ளேயே உருவான சங்கம் ஒன்றையும், 2011-இல் தேசிய அளவிலான ஏர் லைன் பைலட்ஸ் அசோசியேஷனையும் (சுருக்கமாக அல்பா) வாக்களித்து நிராகரித்தார்கள். 2014 ஏப்ரலில் அதே அல்பாவைத் தெளிவான பெரும்பான்மையுடன் ஏற்றுக்கொண்டார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் என்ன மாறியது என்பதற்கு ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, நிறுவனர் 2007-லேயே தலைமைச் செயல் அதிகாரி பதவியை இழந்துவிட்டார் என்பதுதான். நேரடி உறவு என்பது ஒரு மனிதரோடு இருப்பது; அவர் நாற்காலியை விட்டு எழுந்தால் அந்த உறவும் அவரோடு எழுந்துபோகிறது.

ஆகவே, "நிர்வாகத்தை நம்புகிறேனா?" என்று உங்களைக் கேட்டுக்கொள்ளாதீர்கள். பணி விதிகள் அடங்கிய கையேட்டையும் உங்கள் ஒப்பந்தத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, நிறுவனம் உங்களைக் கேட்காமலே மாற்றிக்கொள்ளக்கூடிய ஒவ்வொரு வரிக்கும் அடிக்கோடிடுங்கள். சம்பளத்தை மட்டும் பார்ப்பது பலர் செய்யும் தவறு. பணிமூப்பு எப்படிக் கணக்கிடப்படுகிறது, மாதப் பணிப்பட்டியல் வந்த பிறகு அதை மாற்ற யாருக்கு அதிகாரம், ஒழுங்கு நடவடிக்கை வந்தால் நடுநிலையான ஒருவரிடம் முறையிட வழி உண்டா, சோர்வாக இருக்கிறேன் என்று பறக்க மறுத்தவருக்கு என்ன பாதுகாப்பு என்ற நான்கையும் முதலில் தேடுங்கள். கடைசிக் கேள்வி இந்தத் தொழிலின் தொடக்கத்திலிருந்தே இருப்பது. 1919 ஜூலையில் அமெரிக்க அஞ்சல் விமானிகள் வேலைநிறுத்தம் செய்தது கூலிக்காக அல்ல. மூடுபனியில் பறக்க மறுத்த இருவர் நீக்கப்பட்டதற்காக.

அடிக்கோடுகள் குறைவாகவும், அந்த வரிகள் உங்களைப் பெரிதாகப் பாதிக்காதவையாகவும் இருந்தால், சங்கம் வேண்டாம் என்ற முடிவும் நியாயமானதே. ஸ்கைவெஸ்ட் விமானிகளைப் போல நிறுவனத்துக்குள் இயங்கும் பிரதிநிதி அமைப்போடு நெடுங்காலம் பணியாற்றியவர்களும் உண்டு. அத்தகைய அமைப்பை எடைபோட இரண்டு கேள்விகள் போதும்: அதன் செலவுக்குப் பணம் தருவது யார்? பேசி முடித்ததை நிறுவனம் மீறினால் அதை நிறைவேற்ற வைக்கும் சட்ட வலு அதற்கு உண்டா?

எதிர்த் தரப்பின் வாதங்களில் சந்தாவைப் பற்றியது எளிமையானது. அல்பா சம்பளத்தில் இரண்டு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகப் பெறுகிறது. உங்கள் ஆண்டு வருமானத்தில் அது எவ்வளவு, எப்போதிலிருந்து பிடிக்கப்படும் என்று எழுத்தில் கேளுங்கள். சங்கத்தில் சேராதவர்களும் கட்டணம் செலுத்த வேண்டும் என்று சங்கமும் நிறுவனமும் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தம் சொல்ல ரயில்வே தொழிலாளர் சட்டம் இடம் தருகிறது. அதைத் தடுக்கும் மாநிலச் சட்டங்கள் விமான ஊழியர்களுக்குப் பொருந்தாது.

பணிமூப்பைப் பற்றிய வாதமோ மிகக் கனமானது. 2005-இல் யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் இணைந்தபோது இரு தரப்பு விமானிகளும் அல்பா உறுப்பினர்களே. நடுவர் ஜார்ஜ் நிக்கொலாவ் 2007-இல் வழங்கிய ஒருங்கிணைந்த பணிமூப்புப் பட்டியலைக் கிழக்குத் தரப்பினர், அதாவது பழைய யுஎஸ் ஏர்வேஸ் விமானிகள், ஏற்கவில்லை; எண்ணிக்கையில் அதிகமாக இருந்த அவர்கள் 2008-இல் அல்பாவையே வாக்களித்து வெளியேற்றி வேறு சங்கம் அமைத்தார்கள். ஒரே நிறுவனத்தில் இரண்டு பணிமூப்புப் பட்டியல்கள் ஆண்டுக்கணக்கில் நீடித்தன. சங்கம் என்றால் ஒற்றுமை என்று உங்களிடம் சொல்பவரிடம், இணைப்பு நேர்ந்தால் பட்டியலை எந்த முறையில் தீர்ப்பீர்கள் என்று கேளுங்கள். நேரான பதில் இல்லையென்றால் கையெழுத்தைத் தள்ளிப்போடுங்கள். சங்கம் எல்லாவற்றையும் காத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம்: யுனைடெட், டெல்டா நிறுவனங்கள் திவால் பாதுகாப்பில் இருந்த காலத்தில், சங்கம் இருந்தும் அந்த விமானிகளின் ஓய்வூதியத் திட்டங்கள் முடிவுக்கு வந்தன.

வேலைநிறுத்தத்தைப் பற்றிய அச்சமும் நம்பிக்கையும் ஒன்றுபோல மிகைப்படுத்தப்படுகின்றன. இந்தச் சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் குறித்த நாளில் காலாவதியாவதில்லை, திருத்தத்துக்கு உரியதாகிறது. அதன்பின் வாரியத்தின் மத்தியஸ்தம், நடுவர் தீர்ப்புக்கான அழைப்பு, அதை ஏதேனும் ஒரு தரப்பு மறுத்தால் 30 நாள் காத்திருப்பு என்ற படிகளைக் கடந்தே வேலையை நிறுத்த முடியும். 1997 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தம் தொடங்கிய சில நிமிடங்களில் அதிபர் கிளிண்டன் அவசரகால வாரியம் அமைத்து அதை நிறுத்தினார். 2010-இல் ஸ்பிரிட் நிறுவன விமானிகளோ சில நாட்கள் உண்மையாகவே பறக்காமல் இருந்தார்கள்.

எந்தச் சங்கம் என்பதும் தனிக் கேள்வி. அல்பாவிடம் பாதுகாப்பு, மருத்துவம், சட்டம் ஆகிய துறைகளில் நிபுணர்கள் இருக்கிறார்கள். சவுத்வெஸ்ட், அமெரிக்கன் விமானிகளோ தங்களுக்கென்றே தனிச் சங்கம் வைத்திருக்கிறார்கள். சிறிய நிறுவனத்து விமானிகள் தனியே தொடங்கினால் பேச்சுவார்த்தைச் செலவே அவர்களை அழுத்திவிடும் என்பது என் கருத்து.

விவாதிக்கும் இடத்தையும் கவனியுங்கள். 10,000 அடிக்குக் கீழே பறப்புக்குத் தொடர்பில்லாத பேச்சு கூடாது என்பது 1981 முதல் விதி. அதற்கு மேலேயும் விமானி அறையில் இதைத் தவிர்க்கும்படி வேண்டிக்கொள்கிறேன். கேப்டன் கேட்டால் துணை விமானியால் மனம் திறந்து மறுக்க முடியாது. அந்தத் தயக்கம் தரையிறங்கும் நேரத்தில், "கேப்டன், உயரம் சரியில்லை" என்று சொல்ல வேண்டிய இடத்திலும் தொடரக் கூடாது.

வாக்களிக்கும் முன் கடைசியாக ஒன்று கேளுங்கள்: வென்றால் பேச்சுவார்த்தைக் குழுவில் உட்காரப்போவது யார்? ஜெட்புளூவில் 2014-இல் சங்கம் வென்றாலும் முதல் கூட்டு ஒப்பந்தம் 2018-இல்தான் நிறைவேறியது. அந்த நான்காண்டுகளுக்கு விடுமுறை நாட்களைக் கொடுத்து, சம்பள அட்டவணைகளையும் பணி விதிகளையும் வரிவரியாகப் படித்து உட்காரத் தயாராக இருப்பவர்களின் பெயர்களைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயரை அதில் சேர்க்க முடியுமா என்று வீட்டாரோடு பேசிப் பாருங்கள். அதன் பிறகு அட்டையில் தேதியை எழுதுங்கள்.